பிரானூர் பார்டர் மர மில்களில் வீட்டுக்கு மரம் வாங்கலாமா?

தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை வட்டாரத்தில் வீடு கட்டுகிறவர்கள் நிலைக்கும் கதவுக்கும் மரம் தேடும்போது முதலில் காதில் விழும் பெயர் பிரானூர் பார்டர்தான். வாங்கலாம் என்பதே எங்கள் பதில். கட்டையை நம் கண் முன்னால் அளந்து, நம் கண் முன்னால் அறுத்து, நாம் கேட்ட அளவில் கொடுக்கிற இடம் இந்தப் பக்கத்தில் இதை விட்டால் அதிகமில்லை. ஆனால் அங்கிருந்து வண்டியில் ஏறும் மரம் பெரும்பாலும் பச்சை மரம். அறுவை வரைக்கும்தான் மில்லின் பொறுப்பு. காயவைக்கும் வேலை வாங்கியவர் தலையில். இது தெரியாமல் போனவர்கள்தான் ஆறு மாதம் கழித்துக் கதவு பொருந்தவில்லை என்று ஆசாரியோடு சண்டை போடுகிறார்கள்.

இந்த நிலை எப்படி வந்தது என்பது ஊர் வளர்ந்த விதத்தில் இருக்கிறது. பிரானூரில் இப்போது எல்லை எதுவும் இல்லை. செங்கோட்டை திருவிதாங்கூரோடு இருந்த காலத்து எல்லை அது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் போய்விட்டது, பெயர் மட்டும் இங்கேயே நின்றுவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு, தென்மலை, புனலூர். இந்தப் பக்கம் சமவெளி. 1904-இல் மலையைக் குடைந்து ரயில் போட்ட பாதையும் அதே கணவாய் வழியாகத்தான் போகிறது. மரம் இறங்குவதற்கும் அறுபட்டுக் கிழக்கே போவதற்கும் இயல்பான இடம் இது.

ஓட்டு வீடுகள் கட்டிய காலத்தில் மில்லில் கேட்டது உத்திரமும் கைமரமும் சட்டமும் ரீப்பரும். ஒரு வீட்டுக்கே ஏகப்பட்ட மரம் போகும், வீடு கட்டுவதும் நிதானமாக நடக்கும். கட்டை முற்றத்தில் மழையும் வெயிலும் பட்டுக் கிடந்து, அறுத்த பிறகும் அடுக்கில் கிடந்து, தானாகக் காய்ந்தது. கான்கிரீட் கூரை வந்ததும் கூரை மரத்துக்குத் தேவை போய், கான்கிரீட் வார்க்கும்போது அடியில் தாங்கும் சென்ட்ரிங் பலகையும் நிலையும் கதவும் மிஞ்சின. பிறகு சென்ட்ரிங்குக்கும் இரும்புத் தகடு வந்தது. ஜன்னல் யுபிவிசி பிளாஸ்டிக் ஆனது, படுக்கையறைக் கதவு ஃபிளஷ் டோர் ஆனது. இடையில் 1996 டிசம்பரில், காடுகளைக் காக்கத் தொடரப்பட்ட கோதாவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவும், அதைத் தொடர்ந்து வந்த உத்தரவுகளும், மர மில் உரிமத்தையும் காட்டு மர வெட்டையும் இறுக்கிப் பிடித்தன. காட்டுக் கட்டை குறைந்து, தோட்டத்து மரமும் தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டுக் கட்டையும் அந்த இடத்துக்கு வந்தன. கட்டையில் பணத்தைப் போட்டுவிட்டு ஓராண்டு, ஈராண்டு காத்திருக்க இன்று யாராலும் முடிவதில்லை. வந்த கட்டை உடனே அறுபடுகிறது, உடனே வண்டி ஏறுகிறது. மில்காரர்களின் நேர்மையில் நாங்கள் குறை காணவில்லை. முற்றத்தில் மரம் கிடந்த அந்தக் காலம்தான் கணக்கிலிருந்து போய்விட்டது. காய்வதற்கான அந்த அவகாசத்தை மரம் வாங்குகிறவர்தான் தன் வீட்டில் கொடுத்தாக வேண்டும்.

முதலில் அளவு. உருட்டுக் கட்டைக்குக் கால் சுற்றளவுக் கணக்கு: கட்டையின் நடுவில் நாடாவைச் சுற்றி வரும் அங்குலத்தை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அடிக்கணக்கு நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 48 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் 12 × 12 × 10 ÷ 144, சரியாக 10 கன அடி. வட்டக் கட்டையின் உண்மையான கன அளவில் இது ஏறக்குறைய 78 சதவீதம்தான். மீதியை அறுவைச் சேதத்துக்கென்று முன்பே விட்டுக்கொடுத்த கணக்கு இது. அதனால் முழு வட்டக் கணக்கில் அளந்து கொடுக்கிற இடத்தையும் கால் சுற்றளவில் கொடுக்கிற இடத்தையும் கன அடி விலையை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஏமாறுவோம். கேரளப் பக்கத்து ரசீது கன மீட்டரில் இருந்தால் 35.3-ஆல் பெருக்குங்கள்.

நாடா பட்டைக்கு மேல் போகிறதா, பட்டை சீவிய இடத்தில் போகிறதா என்று பாருங்கள். பட்டை அரை அங்குலத் தடிமன் இருந்தாலே சுற்றளவில் 3 அங்குலம் கூடிவிடும். 48 அங்குலம் 51 ஆனால் 10 கன அடி 11.3 ஆகிவிடும். இல்லாத மரத்துக்குக் காசு கொடுப்பது இங்கேதான் நடக்கிறது. பழைய மில்களில் "அண்ணாச்சி, பட்டையைக் கொஞ்சம் சீவிட்டு அளங்க" என்றால் முகம் சுளிக்காமல் செய்கிறார்கள். இதற்காகவே இந்த இடத்தைச் சொல்கிறோம்.

அறுத்த மரத்துக்கு அகலம் அங்குலம் × தடிமன் அங்குலம் × நீளம் அடி ÷ 144. ஏழு அடி உயரம், மூன்றரை அடி அகலக் கதவுக்கு 5 × 3 நிலை என்றால், தரையில் இறங்குவதையும் சேர்த்து இரண்டு கால்களும் தலா ஏழே கால் அடி, சுவருக்குள் போகும் கொம்பு சேர்த்து மேல்சட்டம் 4 அடி, வாசற்படி 4 அடி. மொத்தம் 22½ அடி. 22½ × 15 ÷ 144 என்றால் 2.34 கன அடி. இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் கொண்டுபோனால் பேச்சு சுருக்கமாக முடிந்துவிடும். 5 × 3 என்பது அறுத்த அளவா, இழைத்த அளவா என்பதை முதலிலேயே கேளுங்கள். நாலு பக்கமும் இழைத்தால் கால் அங்குலம் போய் 4¾ × 2¾ ஆகும். விலை அறுத்த அளவுக்குத்தான் போடுவார்கள், அது நியாயமும்கூட. பூட்டும் கீலும் வாங்குகிறவர்தான் மிஞ்சுகிற அளவைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கட்டையாக வாங்கி அறுப்பதா, அறுத்ததை வாங்குவதா? அந்த 48 அங்குலக் கட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். விட்டம் 15 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். சுற்றி ஓர் அங்குலம் வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர் மரம்) போனால், உள்ளே இருக்கும் கெட்டி மரமான வைரத்தின் ஆரம் ஆறரை அங்குலம். நடுமையத்தில் முக்கால் அங்குலத்தை விட்டுவிட்டு நான்கு 5 × 3 கட்டைகள் எடுக்கலாம். மேலேயும் கீழேயும் ஓர் அங்குலப் பலகை இரண்டிரண்டு வரும். கட்டை நேராக இருந்தால் 10 கன அடியில் ஆறரை கன அடி கைக்கு வரும். வளைந்த கட்டையில் இன்னும் குறையும். அதாவது கட்டை விலை ஒரு கன அடிக்கு என்னவோ அதை 0.65-ஆல் வகுத்து, அறுவைக் கூலியைச் சேர்த்தால்தான் உண்மை விலை. அறுத்த மரம் கட்டை விலையைவிட ஒன்றரை மடங்கு என்றால் அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை, கிட்டத்தட்ட சமம்தான். ஒரே ஒரு நிலைதான் தேவை என்றால் அறுத்ததையே வாங்குங்கள். நாலைந்து நிலையும் வாசல் கதவும் வேண்டும் என்றால் கட்டை வாங்குவது நல்லது, ஏனென்றால் நடுமையம் எந்தத் துண்டில் போகிறது என்பது நம் கையில் இருக்கும். நடுமையம் உள்ளே மாட்டிய நிலைக்கால் எவ்வளவு விலை உயர்ந்த தேக்காக இருந்தாலும் வெடிக்கும். வளையத்தின் போக்கில் மரம் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிய போக்கில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மையத்தைச் சுற்றி முழு வளையமும் ஒரே துண்டில் இருந்தால் அந்த வேறுபாட்டுக்குப் போக்கிடம் இல்லை, வெடித்துத்தான் ஆக வேண்டும்.

கட்டை நீளத்தையும் யோசியுங்கள். ஏழே கால் அடிக் காலுக்கு 10 அடிக் கட்டை வாங்கினால் இரண்டே முக்கால் அடி துண்டு வீண். கால்களுக்கு ஏழரை அடி, மேல்சட்டத்துக்கும் படிக்கும் எட்டு அடி என்று தேடுங்கள். சுற்றளவு கூடக் கூடக் கன அடி விலையும் ஏறும். நிலைக்கு 48-க்கு மேல் போக வேண்டிய அவசியம் இல்லை. 36 அங்குலக் கட்டையில் இரண்டு 5 × 3-க்கு மேல் எடுக்கப் பார்த்தால் மூலைகளில் வெள்ளை வந்தே தீரும். வெள்ளையைத்தான் உளுப்பூச்சி முதலில் தின்னும்.

அறுவை இந்த இடத்தின் பெருமை. டிராலியில் கட்டையை ஏற்றி ஆப்பு வைத்து இறுக்கி, பேண்ட் சாவை (வளையமாக ஓடும் பட்டை ரம்பத்தை) நோக்கித் தள்ளும்போது பக்கத்தில் நின்று பார்க்கலாம். பேண்ட் சா பிளேடு ஒரு வெட்டுக்கு இரண்டரை மில்லிமீட்டர் அளவில்தான் மரத்தைத் தூளாக்குகிறது. வட்ட ரம்பம் ஐந்து மில்லிமீட்டர் தின்னும். பத்துப் பலகைக்கு ஒன்பது வெட்டு என்று வைத்தால் வித்தியாசம் முக்கால் அங்குலத்துக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு பலகை. தேக்கில் மணற்சத்து இருப்பதால் பிளேடு சீக்கிரம் மழுங்கும். கூரான பிளேடில் தூள் ரவை போல விழும், கையில் எடுத்தால் ஈரமாகத் திப்பி திப்பியாக இருக்கும். மழுங்கினால் மாவு போலப் பறக்கும், தீய்ந்த வாடை வரும், வெட்டு அலையலையாகப் போகும். அந்த அலை பலகையின் இரண்டு முனையிலும் தெரியாது, நடுவில்தான் தெரியும். டேப்பை இரு முனையிலும் நடுவிலும் வையுங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பிளேடை மாற்றச் சொல்லுங்கள். இழைக்கும்போது அந்த அலையை எடுக்கவே கால் அங்குலம் போய்விடும்.

வீட்டுத் தோட்டத்து வேம்பையோ பலாவையோ வெட்டிக் கொண்டுபோய்க் கூலிக்கு அறுக்கவும் செய்யலாம், அறுவை சுத்தமாகவே இருக்கும். முன்பே பேசி முடிக்க வேண்டியவை மூன்று: கூலி கட்டைக் கன அடிக்கா அறுத்த கன அடிக்கா; ஓரப் பலகையும் தூளும் யாருக்கு; உள்ளே ஆணி இருந்து பிளேடு அறுந்தால் யார் பொறுப்பு. கொடி கட்டிய மரம், வேலிக்கம்பி சுற்றிய மரம், மாடு கட்டிய மரம் எல்லாவற்றிலும் இரும்பு இருக்கும். வெட்டு முகத்தில் நீலமும் கறுப்பும் கலந்த கறை தெரிந்தால் அதற்கு நேர் மேலே இரும்பு உண்டு என்று சொல்லிவிடுங்கள்.

எந்த மரம்? வாசல் நிலைக்கு எல்லோரும் தேக்கு என்கிறார்கள். காசு இருந்தால் சரி. ஆனால் இங்கே கிடைப்பதில் எங்களுக்கு அதிக மதிப்பு அயினி மேல்தான். மலையாளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள், கேரளத்தில் படகு கட்டும் மரம். தண்ணீருக்கும் கரையானுக்கும் நன்றாகத் தாங்கும், தேக்கைவிட விலை குறைவு. மஞ்சளாக இருப்பது நாளாக ஆகப் பழுப்பாகும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பலாவும் அதே குடும்பம், கதவுக்கு அருமையாக இருக்கும். வேங்கை கனம், பலம், ஆயுள் எல்லாம் உண்டு. ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கும். வெள்ளையடித்த சுவரில் கறை ஓடாமல் இருக்க, நிறுத்துவதற்கு முன்பே ஆறு பக்கமும் பிரைமர் அடித்துவிடுங்கள். மருது காயும்போது வெடிக்கும், பொறுமை இல்லாதவர்கள் தொடக்கூடாது. வேம்பு பூச்சிக்குப் பயமில்லை, முறுக்கிக்கொள்ளும். உள்ளறை நிலைக்கு வைக்கலாம், கதவுக்கு வேண்டாம். ரப்பர் மரத்தை நிலைக்கு யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போராக்ஸ், போரிக் ஆசிட் ஏற்றிக் காயவைத்த ரப்பர் மரம் உள்ளறை மேசை நாற்காலிக்கு நல்லது. ஏற்றாதது நீலம் பூத்து, பிறகு மாவாகக் கொட்டும்.

தேக்கில் ஒரு எச்சரிக்கை. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக் கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இன்று ஒருவர் முழுக் கட்டையைக் காட்டிப் "பர்மா" என்றால் எப்போது வந்தது என்று கேளுங்கள். வெளிநாட்டுத் தோட்டத் தேக்கு கெட்ட மரம் அல்ல, ஆனால் இளம் கட்டையில் வெள்ளை அகலமாக இருக்கும். ஊர்ப் பெயரைப் பார்த்து விலை கொடுக்காமல், வெட்டு முகத்தில் வைரம் எத்தனை அங்குலம், வெள்ளை எத்தனை அங்குலம் என்று அளந்து கொடுங்கள்.

இனி காயவைப்பது. குறை சொல்ல வேண்டியதும் இங்கேதான். "சீசன் பண்ணின மரம்" என்று சொல்லிக் கொடுப்பதை வாய்ப்பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி வைத்துப் பார்க்கும் ஈரமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஆசாரியிடம் இரவல் வாங்குங்கள். முனையில் குத்தினால் குறைவாகத்தான் காட்டும். முனையிலிருந்து இரண்டடி உள்ளே குத்த வேண்டும், முடிந்தால் ஒரு துண்டை அறுத்து அந்தப் புது முகத்தில் குத்த வேண்டும். கதவுக்கு ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும், நிலைக்கு இரண்டு மூன்று கூடினால் பரவாயில்லை. ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை மரம் சுருங்கவே ஆரம்பிக்காது. அதனால் பச்சை மரம் அளவில் அழகாக, நேராக இருப்பதைப் பார்த்து மயங்கக்கூடாது. வளைவும் முறுக்கும் வெடிப்பும் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

வாங்கி வந்த அன்றே அடுக்க வேண்டும். தரையிலிருந்து ஓரடி உயரத்துக்கு செங்கல் அல்லது கல் கால்கள், அதன்மேல் சமமட்டமாகக் கட்டைகள். ஒவ்வொரு வரிசைக்கும் நடுவே ஓர் அங்குலச் சதுரக் குச்சிகள், பலகை என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்று, நிலைக்கட்டை என்றால் இரண்டடிக்கு ஒன்று. மேல் குச்சியும் கீழ்க் குச்சியும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஒரு குச்சி விலகினாலும் அந்த இடத்தில் பலகை தொய்ந்து அப்படியே காய்ந்துவிடும். குச்சி காய்ந்த மரமாக இருக்கட்டும், பச்சைக் குச்சி கறை போடும். முனைகள் இரண்டிலும் பழைய பெயின்டோ மெழுகோ தடித்துப் பூசுங்கள். முனை வழியாக ஈரம் போகிற வேகம் பக்கவாட்டைவிட மிக அதிகம். பூசாவிட்டால் முனை அரை அடிக்கு வெடித்து, ஏழரை அடிக் கட்டை ஆறரை ஆகும். மேல் வரிசையில் கனமான கல்லை ஏற்றுங்கள், தகரம் போட்டு மூடுங்கள், பக்கங்களைத் திறந்து விடுங்கள். தார்ப்பாயால் சுற்றிக் கட்டினால் பூசணம்தான் வளரும்.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. ஆனி, ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் ஒன்றாக இருக்கும். காற்று மரத்தின் மேல்தோலை விறுவிறுவென்று காயவைக்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், சாரல் திரும்பவும் மேலே நனைக்கும். மெல்லிய வெடிப்புகள் விழுவது இந்த மாதங்களில்தான். அடுக்கின் தலைப்பகுதி மேற்கே பார்க்காமல், அடுக்குக்கு மேற்கே ஒரு சுவரோ தட்டியோ மறைவாக இருக்க வேண்டும். தை கடைசியில் வாங்கி மாசி, பங்குனி, சித்திரையை நிழலில் கழிக்க விடுவது சிறந்தது. ஓர் அங்குலப் பலகை மூன்று நாலு மாதத்தில் வேலைக்கு வரும். மூன்று அங்குல நிலைக்கு ஓராண்டு வேண்டும். ஈரமானி இல்லாதவர்கள் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து மளிகைத் தராசில் நிறுத்துக் குறித்து வைக்கலாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நிறுத்து, தொடர்ந்து மூன்று முறை எடை குறையாவிட்டால் காய்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அஸ்திவாரம் தோண்டும் அன்றே நிலை மரத்தை வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். எல்லோரும் சுவர் எழும்பிய பிறகு போகிறார்கள், பச்சையாக வாங்கி அடுத்த வாரமே நிறுத்துகிறார்கள். அவசரம் என்றால் வாசல் நிலைக்குக் காய்ந்த மரத்தைத் தேடி எடுத்துக்கொண்டு, கதவுக்கான பலகையை மட்டும் அடுக்கில் போட்டு வையுங்கள். கதவு கடைசியில்தானே மாட்டப்போகிறது.

ஆயத்தக் கதவுகளையும் சில இடங்களில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். செதுக்கு வேலை கண்ணைப் பறிக்கும். நாங்கள் பரிந்துரைக்கவில்லை. நடுப் பலகையைச் சட்டத்தின் காடிக்குள் (ஓரத்தில் வெட்டிய பள்ளத்துக்குள்) பசை போட்டு இறுக்கியிருந்தால் அந்தக் கதவு ஒரு கோடைக்குள் பிளக்கும். பலகை காடிக்குள் பசையில்லாமல், இரு பக்கமும் மூன்று மில்லிமீட்டர் இடம் விட்டு நிற்க வேண்டும். செய்து முடித்த கதவில் இதைப் பார்க்க வழியில்லை. பலகையின் ஓரத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள், லேசாக அசைந்தால் சரி. அசையாதது வேண்டாம்.

பில் வாங்காமல் வராதீர்கள். மரத்தின் பெயர், கன அடி, எத்தனை துண்டு மூன்றும் அதில் இருக்க வேண்டும். வரி சேர்த்த விலையா, சேர்க்காத விலையா என்பதைப் பேரத்தின் தொடக்கத்திலேயே கேளுங்கள். புளியரை தாண்டிக் கேரளத்துக்குப் போகிறவர்களும், அங்கிருந்து சொந்த மரத்தை அறுக்கக் கொண்டுவருகிறவர்களும் வண்டி கிளம்பும் முன் வனத்துறை வழிச்சீட்டு வேண்டுமா என்று கேட்டு, வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தப் பக்கத்துக்கு 1968-இன் தமிழ்நாடு விதிகள், அந்தப் பக்கத்துக்கு 1975-இன் கேரள விதிகள். மரத்துக்கு மரம் விலக்கு மாறும், அதனால் பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் போனதை வைத்துப் போகாதீர்கள்.

காலையில் ஒன்பது பத்து மணிக்குள் போய்விடுங்கள். புது பிளேடு பூட்டி முதல் கட்டை ஏறும் நேரம் அது. கட்டையைத் தேர்ந்தெடுத்ததும் இரண்டு முனையிலும் சாக்பீஸால் உங்கள் அடையாளத்தைப் போட்டு, அறுத்த துண்டுகளை எண்ணி, அதே வரிசையில் வண்டியில் அடுக்கச் சொல்லுங்கள். ஒரே கட்டையில் அடுத்தடுத்து வந்த பலகைகள் ஒரே கதவுக்குள் போனால் நிறமும் ரேகையும் சேர்ந்து வரும், ஆசாரி அவற்றைத் தேடிப் பிரிக்கும் ஒரு நாள் கூலியும் மிஞ்சும்.